இன்னும் செல்லுபடியாகவில்லை

வினிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
ஹைட்ரோ பில் கட்ட இன்றே கடைசி நாள்.
பயர்ஃபாக்ஸ் கையை விரித்துவிட்டது:
"இந்த இணைப்பை நம்ப முடியாது."
வங்கி, வானிலை, நூலகம்,
எங்கே போனாலும் அதே சொல்,
எல்லா வாசலிலும்
ஒரே காவலாளி நிற்பதுபோல்.

முதலில் கேபிள். பிடுங்கினேன், திரும்பக் குத்தினேன்.
பிறகு ரவுட்டர்.
அணைத்துவிட்டு முப்பது எண்ணச் சொல்வார்கள்.
பதினெட்டில் பொறுமை போயிற்று.
பச்சை விளக்கு வந்தது. பக்கம் வரவில்லை.

மேல்மாடி மரிசெலின் கதவைத் தட்டினேன்.
அதே வை-ஃபை, பாதிப் பணம் அவள் தருகிறாள்.
எனக்கு வருகிறதே என்று
தொலைபேசியை என் பக்கம் திருப்பினாள்.
மணிலாவில் அவளுடைய அக்கா
ஏதோ பொரித்துக்கொண்டிருந்தாள்.
கரண்டியை ஆட்டி என்னை நலம் விசாரித்தாள்.

ஆக, குற்றம் என் மேசையில்.

கறுப்புத் திரையைத் திறந்தேன்.
லினக்ஸ் மனம்விட்டுப் பேசுவது அங்கேதான்,
சிக்கனமாய், முகத்துக்கு நேரே.
எண்ணுக்கு ஒரு பிங்.
பதினாலு மில்லிசெக்கனில் பதில்.
பெயருக்கு ஒரு பிங்.
பதினைந்து.
பாதை இருக்கிறது, பெயரும் தெரிகிறது.
அனுப்பியதெல்லாம் பனியைக் கடந்து போய்
முழுதாய்த் திரும்பி வருகிறது.
பிறகென்ன வந்தது உனக்கு?

எச்சரிக்கையின் அடியிலிருந்த சிறிய எழுத்தை
அப்போதுதான் வாசித்தேன்.
"சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை."
காலாவதி என்றால் விளங்கும்,
என்னிடமே நாலைந்து இருக்கின்றன.
இன்னும் ஆகவில்லை என்றால்?

திகதி கேட்டேன்.
வியாழன், ஜனவரி 1, 2009.
நேரம் 00:47.

நேற்று இந்தத் தெருவில் மின்சாரம் போனது.
பெட்டிக்குள் பொத்தான் அளவில் ஒரு பற்றரி,
அதுதான் இருட்டில் நாளை எண்ணுவது.
அது எப்போதோ செத்திருக்கிறது.
விழித்த இயந்திரம்
தொழிற்சாலை சொல்லிக்கொடுத்த முதல் நாளைப்
பிடித்துக்கொண்டது.
நேரத்தைத் தானாய்த் திருத்தும் சேவையை
நிறுத்தி வைத்தவன் நான்தான்.
ஏனென்று நினைவில்லை.

அதன்மேல் பிழை இல்லை.
யாரோ ஒரு வேலையாள்
மதியச் சாப்பாட்டுக்கு முன் வைத்த இலக்கம்.
அந்த வியாழன் இரவு
நான் தருமபுரத்தில் ஒரு தறப்பாளின் கீழ் இருந்தேன்.
பக்கத்துத் தறப்பாள் கௌரீபன்
சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி
பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தான்.
டைனமோவிலிருந்து வயர், வயரின் முனையில் ரேடியோ.
பற்றரி என்ன விலை கொடுத்தாலும் கிடைக்காது.
அவன் கை ஓய்ந்தால்
செய்தி வாசிப்பவரின் குரலும்
கிணற்றுக்குள் இறங்கிவிடும்.
"சுத்தடா, சுத்தடா" என்று பதினைந்து பேர்.
ஊர்ப்பெயர் வரும் நேரம் பார்த்து
வேண்டுமென்றே நிறுத்திச் சிரிப்பான்.

அவனுக்குச் சித்திரை வரவில்லை.

00:48.
00:49.
பில் நினைவில் இருந்தது.
ஆனாலும் தொடவில்லை.
மேலே மரிசெல் நடக்கும் சத்தம்.
00:54 வரைக்கும்
அந்த இரவை ஓடவிட்டேன்.

பிறகு சுடோ. கடவுச்சொல், ஒருமுறை பிழையாய்.
இன்றைய திகதி, இன்றைய நேரம்.
எண்டர்.
பதினேழு வருடம்.
இயந்திரத்துக்கு அரைச் செக்கன்கூட ஆகவில்லை.

வாசல்கள் திறந்தன.
இருநூற்றுப் பன்னிரண்டு டொலர் நாற்பது சதம்,
நள்ளிரவுக்கு ஒன்பது நிமிடம் இருக்கக் கட்டி முடித்தேன்.

நாளை வேலை முடிந்து வரும்போது
பெம்பினா வீதியில் இறங்கிப் பற்றரி வாங்கவேண்டும்.
அந்த அளவில்
இரண்டாய்த்தான் அடைத்து விற்கிறார்கள்.
ஒன்று மிஞ்சும்.